பத்து நாள்

அத்தியாயம் 11

ஆவண அறையில் ஸ்பூர்த்தியின் கையில் சிக்கிய அந்தப் பழுப்புக் காகிதத்தை நீங்கள் மறந்திருக்கலாம். அவள் மறக்கவில்லை. ஒரு வாரமாக அதன் நகலைப் பாடப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு அலைகிறாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா ஜலஜாவுக்குத் தைராய்டில் புற்றுநோய். மங்களூரில், ஸ்பூர்த்தி இப்போது பயிற்சி எடுக்கும் இதே ஆஸ்பத்திரியில்தான் கழுத்தில் ஆபரேஷன் செய்து, கதிர்வீசும் அயோடின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீடு திரும்பியவளைக் கூடப்பிறந்த அக்கா கிரிஜாவே வாசற்படி ஏற விடவில்லை. பாக்குக் கொட்டகையில் எட்டு மாசம், தனித்தட்டு, தனிப்பாய். "அவ உடம்பு பூரா விஷம். ஆஸ்பத்திரிக் காகிதத்துலயே போட்டிருக்கு" என்று சொந்தபந்தம் எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். அந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யார் மறுத்துப் பேசுவது?

அந்தக் காகிதத்தில், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பத்து நாள் தள்ளி இருந்தால் போதும் என்று இருக்கிறது. பத்தே நாள்! அடியில், விளங்கிக்கொண்டேன் என்ற வரிக்கு நேரே கொழுகொழுவென்று ஒரு கையெழுத்து. கிரிஜா ஆள்வா. உறவு, அக்கா.

அந்த கிரிஜா ஆள்வாதான் செவ்வாய்க்கிழமை வந்து இதே ஆஸ்பத்திரியில் இரண்டாம் அறையில் படுத்திருக்கிறாள். அதே நோய், அதே மாத்திரை. கதைக்காக இட்டுக்கட்டினது என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு ஒரே வியாதி வருவது ஊரில் நடக்காததா என்ன?

வியாழக்கிழமை காலை. கங்கனாடியில் இவர்களுடைய வாடகை வீட்டில் ஜலஜா மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பெரிய வீட்டுப் பெண் என்று பேர். பத்து விரலிலும் புகையிலைக் கறை.

"ஏன்டி, தோசையப் பிச்சுப் பிச்சுப் போட்டுட்டு எங்க பார்த்துட்டு இருக்க? நீர் தோசை ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடும், சாப்பிடு."

"வார்டுல வேலை ஜாஸ்திம்மா."

"மாத்திரை சாப்பிட்டவங்க இருக்காங்களா?"

"ஒரு அம்மா இருக்காங்க."

"அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை நல்லாப் பேசு. அந்த ரூமுக்குள்ள மனுஷக் குரல் கேட்டாலே பாதி தெம்பு வந்துடும்."

பெரியம்மா கிரிஜாவை ஸ்பூர்த்தி தொட்டம்மா என்றுதான் சொல்வாள். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, தொட்டம்மா மேல உனக்குக் கோபமே வராதா?"

ஜலஜா இலையைச் சுருட்டி நூலைக் கட்டினாள். "உங்க தொட்டம்மாவுக்கு என்ன தெரியும் பாவம். பயந்துட்டா. காகிதத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா. வேணும்னா செஞ்சா?"

பன்னிரண்டு வருஷமாக இதே வக்காலத்துதான். அக்கா பயந்துவிட்டாள், அக்கா அறியாமல் செய்துவிட்டாள். நகலுக்கு விண்ணப்பம் போட அம்மாவின் கையெழுத்தை வாங்கியபோதுகூட, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பையிலிருக்கும் காகிதத்தை எடுத்து அந்த முறத்திலேயே வீசலாமா என்று ஸ்பூர்த்திக்குக் கை துறுதுறுத்தது. வேண்டாம், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அணு மருத்துவத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு இருப்பதே அவளோடு படித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இவள் பத்து வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். அம்மாவின் உடம்பில் இருந்த விஷம் என்ன, எத்தனை நாள் இருக்கும், அதை எதைக்கொண்டு அளப்பார்கள் என்று தெரிந்துகொண்டே ஆகவேண்டும். ஒரு தடவை கொட்டகைக்கு ஓடி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தொட்டம்மா தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து கிணற்றடியில் நிறுத்தி, சலவைச் சோப்பால் தோல் எரிய எரியத் தேய்த்தாள். போட்டிருந்த மஞ்சள் ஃப்ராக்கை அடுப்பில் போட்டாள். அந்த வருஷம் வீட்டுத் தெய்வம் ஆள்மேல் இறங்கி ஆடும் பூதக் கோலத்துக்குக் குடும்பமே தெய்வத்தின் முன்னால் கைகூப்பி நின்றது. அம்மா மட்டும் வேலிக்கு வெளியே, ராத்திரி முழுக்கக் கால்கடுக்க நின்றாள். உள்ளேயிருந்து பார்த்த பிள்ளைக்கு அது மறக்குமா?

இப்போது கடைசி வருஷம். மூன்று மாசப் பயிற்சி அயோடின் வார்டில். இந்தப் பயிற்சியில் கையெழுத்து விழுந்தால்தான் பட்டம். ஒரு அளவைத் தப்பாக எழுதினாள் என்று தெரிந்தால் நான்கு வருஷப் படிப்பும் அம்மா சுற்றின அத்தனை பீடியும் வீண்.

வார்டில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, பேசும் கருவியின் பொத்தானை அழுத்தினாள். திரையில் தொட்டம்மா கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு இளைத்திருக்கிறது. அதிகாரம் இளைக்கவில்லை.

"ஏம்மா பொண்ணே, இன்னைக்காவது விடுவீங்களா? மூணு வாரமா பத்தியம்னு மீனைக் கண்ணால பார்க்கல. ஒரு துண்டு பாங்குடா வறுத்துத் தந்தா இந்த ஆஸ்பத்திரியவே எழுதிக் குடுத்துடுவேன்."

"அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் அள. எம் மருமக ஏழு மாசம். சீமந்தம் வருது. அந்தப் பொண்ணுக்குப் பூ கட்டத் தெரியாது, மீன் ஆயத் தெரியாது. நான் போய் நின்னாத்தான் எதுவும் நடக்கும்."

முகக்கவசமும் தொப்பியும் போட்ட ஸ்பூர்த்தியை மூன்று நாளாக அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் அட்டையை ஸ்பூர்த்தி முதல் நாளே திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அளக்கிற முறை சின்னது. தரையில் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கும். நோயாளி அதில் நிற்க, ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியை நீட்டவேண்டும். ஐம்பதுக்குக் கீழே காட்டினால் வீடு. மேலே காட்டினால் இன்னொரு நாள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று உண்டு, முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. மாத்திரையின் வீரியம் சிறுநீரில்தான் வெளியேறும். ஆகவே நோயாளியைப் பாத்ரூம் போகச் சொல்லி, குளிக்கச் சொல்லி, அப்புறம்தான் நிறுத்த வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் கருவி கூட்டிக் காட்டும். பொய் எழுதவே வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஸ்பூர்த்தி வாயை மூடிக்கொண்டாள்.

"பட்டைல நில்லுங்க. அசையாதீங்க."

ஐம்பத்தெட்டு.

"இன்னொரு நாள் இருக்கணும்."

"ஐயோ, நேத்தே நாளைக்கு அனுப்பறோம்னீங்களே!" தொட்டம்மாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "தனியா இருக்க முடியலம்மா. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது ஸ்பூர்த்திக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. இருக்காதா பின்னே?

மேல்பார்வை பார்க்கிற ரெபெல்லோ சார் பதிவேட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "ஐம்பத்தெட்டா? பாத்ரூம் போயிட்டு, குளிச்சிட்டுத்தானே நின்னாங்க?"

"ஆமா சார்."

சொல்லிவிட்டாள். நாக்கு கூசவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, கீழே காத்திருக்கும் மகனிடம் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார்.

மகன் நித்தேஷ், கிரிஜாவின் ஒரே பிள்ளை. ஸ்பூர்த்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பளா எருமைப் பந்தயம் காட்டின அண்ணன். இப்போது தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றான். கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணை வைத்து அவனாலும் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னைக்கு விடலையா சிஸ்டர்? நல்லதாப் போச்சு!"

ஸ்பூர்த்தி விழித்தாள்.

"கொட்டகைக்குக் கூரை மாத்திட்டு இருக்கோம். நாளைக்குத்தான் முடியும். கட்டில் போட்டாச்சு, தனியா தட்டு டம்ளர் எல்லாம் வாங்கியாச்சு."

"எந்தக் கொட்டகை?"

"பாக்குக் கொட்டகைதான். எங்க சிக்கம்மா, அம்மாவோட தங்கச்சி, அவங்களுக்கும் இதே வந்துச்சு சிஸ்டர், அங்கதான் வச்சிருந்தோம். எங்கம்மாவே ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படிச்சுச் சொன்னாங்க, வருஷக்கணக்குல விஷம் இறங்காதுன்னு. வீட்டுல கர்ப்பிணி இருக்கா, நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். டாக்டர் கம்மியா எழுதினாலும் நீங்க ஒரு ஆறு மாசம்னு போட்டுத் தாங்களேன், அம்மா காட்டுக் கத்தலாக் கத்துவாங்க, காகிதம் இருந்தா வாயடைச்சிடலாம்."

கூப்பிட்டுக் கையில் கொடுக்கிறான்! ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதும், அதே கொட்டகை, அதே தனித்தட்டு. ஸ்பூர்த்தி லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நான்கு மாடியும் படியேறினாள். ஒவ்வொரு படியிலும் யோசித்தாள். ஒரு நாள் கூடப் பூட்டி வைத்து என்ன கிழிக்கப்போகிறோம்? ஆறு மாசம் என்று எழுதினால் நானும் காகிதத்தைப் பொய்யாக்கினவள்தானே, அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இது வேறு மாதிரி தீர வேண்டும். உள்ளது உள்ளபடி எழுதி, அதை அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். படித்துக் காட்டட்டும். யார் நம்புகிறார்கள் என்று பார்ப்போம்.

இரண்டாம் அறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று தொப்பியைக் கழற்றினாள். கவசத்தைக் கழற்றினாள்.

"என்னைத் தெரியுதா தொட்டம்மா?"

உள்ளேயிருந்தவள் கட்டிலை விட்டு எழுந்தாள். உற்றுப் பார்த்தாள். வாய் மெல்லத் திறந்தது.

"ஜலஜா பொண்ணா நீ?"

"ஆமா. சலவைச் சோப்பு போட்டுத் தேய்ச்சீங்களே, அவதான்."

கிரிஜாவுக்கு நிதானம் வர அரை நிமிஷம் ஆனது. வந்ததும் பழைய குரல் வந்துவிட்டது. "ஓ! அதான் என்னைப் பூட்டி வச்சு வேடிக்கை பார்க்கறியா? பெரிய டாக்டர்கிட்டச் சொல்லி உன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு."

"சொல்லுங்க. பாத்ரூம் போகச் சொல்லாம அளந்தேன், வேணும்னுதான் செஞ்சேன். இப்பப் போயிட்டு, நல்லாக் குளிச்சிட்டு வந்து பட்டைல நில்லுங்க. மறுபடி அளக்கிறேன்."

அரை மணி கழித்து நாற்பத்து மூன்று. ஸ்பூர்த்தி பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேரே ரெபெல்லோ சாரிடம் போனாள். இரண்டு எண்ணையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல் தடவை பாத்ரூம் போகலையா?"

"நான் போகச் சொல்லல சார். உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. பேனாவை நீட்டினார். "முதல் அளவு தப்பான முறைல எடுத்ததுன்னு உன் கையால எழுதிக் கையெழுத்துப் போடு. நானே பக்கத்துல நின்னு இன்னொரு தடவை அளக்கணும். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குத் துறைத் தலைவர் ரூமுக்கு வா. என்ன முடிவெடுப்பார்னு எனக்குத் தெரியாது."

மூன்றாம் தடவையும் நாற்பத்து மூன்றுதான். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஸ்பூர்த்தி கதவுப் பக்கத்து மேடையில் இரண்டு காகிதங்களை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"ஒண்ணு உங்களுக்கு. இன்னைக்குத் தேதி. இன்னொண்ணு பன்னிரண்டு வருஷம் பழசு. ரெண்டுலயும் நாள் கணக்கு ஒண்ணுதான். படிங்க."

கிரிஜா பழையதை எடுத்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா இன்னைக்குக் காலைல கூட உங்களுக்காகப் பேசினா. அக்கா பாவம், தப்பாப் புரிஞ்சுக்கிட்டாளாம். தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்களா தொட்டம்மா?"

"அவளுக்குப் பொண்ணு இருந்துச்சு" என்றாள் கிரிஜா கடைசியில். "எனக்கு ஒத்தைப் பையன். நம்ம வழக்கத்துல வீடு பொண்ணு வழியாத்தான் போகும். ஆயிரம் சட்டம் வரட்டும், தெய்வத்துக்கு முன்னால யார் பேரைக் கூப்பிடுவாங்க? உன் பேரை. வந்த மகாலட்சுமி மாதிரி நீ அந்த முற்றத்துல ஓடறப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. போதுமா?"

"போதாது. கீழ உங்க மகன் நிக்கிறார். பாக்குக் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டாராம். உங்களுக்கு."

இந்த அடியை அவள் எதிர்பார்க்கவில்லை. சற்று முன் சீட்டைக் கிழிக்கிறேன் என்ற வாய் கெஞ்சியது.

"நீ சொல்லும்மா அவன்கிட்ட. பத்து நாள்தான்னு சொல்லு. நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா நம்புவான்."

"அளக்கறது என் வேலை. அளந்துட்டேன். படிச்சுக் காட்டறது எப்பவும் உங்க வேலைதானே? போய்ப் படிச்சுக் காட்டுங்க."

பழைய துணியை அறையிலேயே போட்டுவிட்டு, மகன் அனுப்பிய புதுச் சேலையில் கிரிஜா கீழே இறங்கினாள். ஸ்பூர்த்தி பத்தடி பின்னால் வந்தாள். விட்டுவிடுவாளா?

நித்தேஷ் அம்மாவைக் கண்டதும் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு நான்கடி பின்வாங்கினான். "என்னம்மா, நாளைக்குன்னாங்களே! இன்னும் கூரையே முடியல."

"கொட்டகையெல்லாம் வேண்டாம்டா. மாடி அறைல பத்து நாள் ஒதுங்கி இருந்தாப் போதும். இதுல போட்டிருக்கு பாரு, பத்து நாள்."

"சிக்கம்மாவுக்கு மட்டும் வருஷக்கணக்கு, உங்களுக்குப் பத்து நாளா?"

"அப்ப தப்பாப் படிச்சுட்டேன்டா."

"நீங்களா? கோர்ட்டுக் காகிதத்தையே வக்கீலுக்கு விளக்கிச் சொல்ற ஆளு நீங்க. அப்ப தப்பாப் படிச்சீங்கன்னா, இப்ப மட்டும் சரியாப் படிக்கிறீங்கன்னு நான் எப்படி நம்பறது? என் குழந்தைம்மா!"

மருந்துக் கடை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரிஜாவின் கண் ஸ்பூர்த்தியைத் தேடியது. ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சியது. ஸ்பூர்த்தி தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"தப்பாப் படிக்கலடா." கிரிஜாவின் குரல் காற்றாக வந்தது. "பொய்யாப் படிச்சேன். அன்னைக்கும் பத்து நாள்தான் போட்டிருந்துச்சு."

நித்தேஷின் கைக்குட்டை இறங்கியது. அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு போய்க் காரின் பின்கதவைத் திறந்துவிட்டு, முன்சீட்டில் ஏறிக் கண்ணாடியை முழுக்க இறக்கினான். நம்பினானா, இல்லை இன்னும் பயந்தானா, அவனுக்கே தெரியாது. கார் வாசலைத் தாண்டிப் போகும் வரை ஸ்பூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த காட்சி. வயிறார விருந்து சாப்பிட்ட மாதிரிதான் இருந்தது. நாளைக் காலை ஒன்பது மணி ஞாபகம் வந்ததும் அந்தச் சாப்பாடு செரிக்காமல் நின்றது.

மூன்று மணிக்குச் செல்பேசி அடித்தது. அம்மா.

"ஸ்பூர்த்தி, உன் தொட்டம்மா நம்ம வீட்டு வாசல்ல நிக்கிறா."

ஸ்பூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. விலாசம் யார் சொன்னது? "தனியாவா?"

"நித்தேஷ் கார்ல உட்கார்ந்திருக்கான், இறங்கல. கிட்ட வராதே ஜலஜா, தள்ளி நில்லுன்னு அவளே சொல்றா. ரெண்டு காகிதத்தை மதில் மேல வச்சா."

"பார்த்தியாம்மா?"

"பத்துன்னு படிக்க இங்கிலீஷ் வேணுமா?" ஜலஜாவின் மூச்சு போனில் கேட்டது. "அன்னைக்கு அந்தக் காகிதத்தை எங்கண்ணுல காட்டவே இல்லையே அவ. அடில அவ கையெழுத்து. எட்டு மாசம்டி. நீ வேலிப் பக்கம் நின்னு அம்மா அம்மான்னு அழுவ, நான் வராதே வராதேன்னு துரத்துவேன். நானே துரத்தினேன்டி உன்னை!"

பன்னிரண்டு வருஷத்தில் அம்மா அதைச் சொல்லி அழுததில்லை. இன்றும் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா... அவங்க என்ன கேக்கறாங்க?"

"மகன் வீட்டுல கொட்டகைதானாம். நம்ம வெளியறைல பத்து நாள் இருந்துக்கட்டுமான்னு கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

பீடி இலை வெட்டும் கத்தரியின் சத்தம் கேட்டது. நறுக், நறுக். அம்மா வேலையை நிறுத்தவே இல்லை.

"நான் ஒண்ணும் சொல்லல. பூதக் கோலத்தன்னைக்கு வேலிக்கு வெளிய விடியற வரைக்கும் நின்னேன். மணி இப்பத்தான் மூணு."

"அம்மா..."

"நிக்கட்டும்" என்றாள் ஜலஜா. போனை வைத்துவிட்டாள்.